கிள்ளான் ஆற்று வெள்ளமும் முறைமைப் பொறியியலும்: பாவனையாக்கம், கட்டுப்பாடு, குறிகை வகைப்பாடு – ஒரு விளக்கம்

1. முன்னுரை

கோலாலம்பூர் மாநகரம் ஆற்றால் பிறந்து, ஆற்றாலேயே பலமுறை அலைக்கழிக்கப்பட்ட நகரமாகும். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் தோன்றிய ஈயச் சுரங்கக் குடியிருப்பே பின்னர்த் தலைநகராக வளர்ந்தது. 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீயும் அதே ஆண்டின் இறுதியில் வெள்ளமும் அக்குடியிருப்பைப் பெரிதும் அழித்தன. 1882இல் சிலாங்கூரின் ரெசிடென்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன வீடுகளுக்கு மாற்றாகச் செங்கற் கட்டடங்கள் எழுப்பப்பட வேண்டுமெனப் பின்னர்ப் பணித்தார். அதற்கான செங்கற்சூளைகள் அமைந்த இடமே, இன்று மலேசியத் தமிழர் வாழ்வோடு பிரிக்கவியலாதவாறு இணைந்துவிட்ட பிரிக்பீல்ட்ஸ். ஆக, அவ்வூரின் பெயருக்குள்ளேயே ஒரு தீயின் நினைவும் ஒரு வெள்ளத்தின் நினைவும் பொதிந்துள்ளன எனலாம்.

அதன் பின்னரும் 1926, 1971 ஆகிய ஆண்டுகளில் பெருவெள்ளங்கள் நகரைச் சூழ்ந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலும் மஸ்ஜித் ஜாமெக் வட்டாரம் மீண்டும் மீண்டும் நீரில் மூழ்கியது. இதற்குத் தீர்வாக உருவாக்கப்பட்டதே, 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'ஸ்மார்ட்' எனும் வெள்ளநீர் மேலாண்மைச் சாலைச் சுரங்கப்பாதையாகும். மகிழுந்துகள் செல்லும் சாலையாகவும் வெள்ளநீர் செல்லும் கால்வாயாகவும் ஒரே சுரங்கம் பயன்படுவது இதன் தனிச்சிறப்பு.

முறைமைப் பொறியியல் என்னும் துறையின் மூன்று அடிப்படைக் கருத்துகளான கணினிப் பாவனையாக்கம், கட்டுப்பாடு, குறிகை வகைப்பாடு ஆகியவற்றை இச்சுரங்கப்பாதையைச் சான்றாகக் கொண்டு தமிழாசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. கணினி ஐயத்தை நீக்கி உறுதியான விடையைத் தரும் என்பது பரவலான எண்ணம். உண்மையில், ஐயத்தை ஏற்றுக்கொண்டு அதற்கெனத் தன்னுள் ஓர் இடம் ஒதுக்கும் முறைமையே நல்ல முறைமையாகும் என்பதே இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்து.

2. கலைச்சொற்கள்

ஒன்றோடொன்று தொடர்புடைய பல உறுப்புகள் ஒரு நோக்கத்திற்காக இணைந்து இயங்குவதை 'முறைமை' என இக்கட்டுரை குறிப்பிடுகிறது. மழை, மலைச்சரிவு, ஆறு, அளவுமானி, மதகு, சாலை, ஓட்டுநர், கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் அலுவலர் ஆகிய அனைத்தும் சேர்ந்தே வெள்ளக் கட்டுப்பாட்டு முறைமை ஆகின்றன. இயந்திரம் மட்டுமே முறைமை அன்று என்பது கருதத்தக்கது.

உண்மையான ஒன்றைப் போலவே நடந்துகொள்ளும் மாதிரி ஒன்றைக் கணினியில் அமைத்து இயக்கிப் பார்ப்பது 'பாவனையாக்கம்' ஆகும். குழந்தை தாயைப் பாவனை செய்து பொம்மைக்குச் சோறூட்டுவதைப் போலக் கணினி ஆற்றைப் பாவனை செய்கிறது. அளவுமானிகள் இடைவிடாது அனுப்பும் எண்களின் வரிசை 'குறிகை' எனப்படும். இலங்கையிலும் நம் நாட்டிலும் இதனைச் 'சமிக்ஞை' என வழங்குவதும் உண்டு. அவ்வெண்களைக் கண்டு, 'இது சாதாரண மழை', 'இது பெருவெள்ளம்', 'இது கருவியின் கோளாறு' என இனம் பிரிப்பது வகைப்பாடு. அவ்வகைப்பாட்டிற்கு ஏற்ப மதகைத் திறப்பதும் மூடுவதும் கட்டுப்பாடு.

ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறும் அளவை 'வரம்பு' எனலாம். வயலின் வரப்பைக் குறித்த சொல்லே அளவின் எல்லையையும் குறிப்பதாக வளர்ந்தமை இவ்விடத்தில் பொருத்தமாக அமைகிறது. நீர் வரப்பைத் தாண்டும்போதுதான் உழவன் மண்வெட்டியை எடுக்கிறான்.

3. முதலும் எச்சமும்

இக்கருத்துகள் தமிழ் மரபிற்கு முற்றிலும் புதியன அல்ல. மணிமேகலையின் 27ஆம் காதையான 'சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை', அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூவகைப்படுத்துகிறது. இவற்றுள் இரண்டிற்கு அந்நூல் தரும் சான்றுகள் நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையவை. ஆற்றில் வெள்ளம் வந்ததைக் கொண்டு மேலே மழை பெய்திருக்க வேண்டுமெனத் துணிவது எச்சம். கருமேகத்தைக் கண்டு மழை பெய்யுமெனக் கூறுவது முதல். காரியத்திலிருந்து காரணத்திற்குச் செல்வது முன்னது. காரணத்திலிருந்து காரியத்திற்குச் செல்வது பின்னது.

முறைமைப் பொறியியலாளர் இன்று செய்யும் இரு பணிகளும் இவ்விரு திசைகளிலேயே அமைகின்றன. 'இவ்வளவு மழை பெய்தால் ஆறு எவ்வளவு உயரும்?' எனக் காரணத்திலிருந்து காரியத்தைக் கணிப்பது பாவனையாக்கம். 'அளவுமானி இவ்வாறு காட்டுகிறதே, ஆற்றில் உண்மையில் என்ன நிகழ்கிறது?' எனக் காரியத்திலிருந்து காரணத்தைத் தேடுவது குறிகை வகைப்பாடு. இவ்விரண்டையும் இணைத்துச் செயலாக்குவதே கட்டுப்பாடு.

அக்காதை அறிவின் பிழைகளையும் எட்டாக எண்ணிக் காட்டுகிறது. அவற்றுள் ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை ஆகிய மூன்றும் நமக்கு இன்றியமையாதவை. தொலைவில் நிற்பது தூணா, மனிதனா எனத் தடுமாறுவது ஐயம். ஆராயாமலே தூணை மனிதன் என முடிவு கட்டுவது தேராது தெளிதல். அருகில் புலி நிற்கக் கண்டும் அதனை உணராதிருப்பது கண்டுணராமை. இம்மூன்றையும் நினைவிற் கொண்டு சுரங்கப்பாதையின் அமைப்பிற்குச் செல்வோம்.

4. ஸ்மார்ட் சுரங்கப்பாதையின் அமைப்பு

கிள்ளான் ஆறு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் நீர்ப்பிடிப்புப் பரப்பு 1,288 சதுர கிலோமீட்டர். நகருக்கு மேற்புறத்தில், கம்போங் பெரெம்பாங் அருகே கிள்ளான் ஆற்று நீரின் ஒரு பகுதியைத் திருப்பி, நகரின் மையத்தைத் தொடாமல் நிலத்தடியே கொண்டுசென்று, தாமான் டேசா நீர்த்தேக்கத்தில் சேர்த்து, அங்கிருந்து கெராயோங் ஆற்றில் விடுவதே திட்டம். கெராயோங் ஆறு மீண்டும் கிள்ளான் ஆற்றிலேயே கலக்கிறது. எனவே இச்சுரங்கம் நீரை இல்லாமற் செய்வதில்லை. அது நகரைக் கடக்கும் வழியையும் காலத்தையும் மாற்றுகிறது.

சுரங்கத்தின் நீளம் 9.7 கிலோமீட்டர். அதனைத் தோண்டிய இரு பெரும் இயந்திரங்களின் விட்டம் 13.2 மீட்டர். சுரங்கத்தின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்திற்கு ஈரடுக்குச் சாலை அமைந்துள்ளது. அப்பகுதியில் மேலே இரண்டு அடுக்குகளில் வாகனங்களும், அவற்றின் அடியில் உள்ள வாய்க்காலில் நீரும் செல்ல இயலும். மேற்புறத் தேக்கம், சுரங்கம், தாமான் டேசா நீர்த்தேக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து 30 இலட்சம் கன மீட்டர் நீரைக் கொள்ளும். கட்டுமானப் பணி 2003இல் தொடங்கியது. வெள்ளநீர்ப் பகுதி 2007 சனவரி இறுதியிலும் சாலை 2007 மே 14ஆம் நாளிலும் செயற்பாட்டிற்கு வந்தன. மொத்தச் செலவு ஏறத்தாழ 1.9 பில்லியன் ரிங்கிட்.

இச்சுரங்கம் நான்கு நிலைகளில் இயக்கப்படுகிறது. ஆற்றின் மேற்பகுதியில் நீரோட்டம் நொடிக்கு 70 கன மீட்டருக்குக் குறைவாக இருப்பின் அது முதல் நிலை. சாலை திறந்திருக்கும், நீர் திருப்பப்படுவதில்லை. 70 முதல் 150 கன மீட்டர் வரை இரண்டாம் நிலை. மிகைநீர் அடிவாய்க்காலில் செல்லும், சாலை திறந்தேயிருக்கும். 150 கன மீட்டரை எட்டினால் மூன்றாம் நிலை. வாகனங்கள் வெளியேற்றப்பட்டுச் சாலை மூடப்படும். ஆயினும் சாலைக்குள் நீர் விடப்படுவதில்லை. மழை விரைவில் ஓய்ந்துவிட்டால் 2 முதல் 8 மணி நேரத்திற்குள் சாலை மீண்டும் திறக்கப்படும். மழை நீடிப்பது உறுதியானால், பொதுவாக மூன்றாம் நிலை அறிவிக்கப்பட்ட 1 முதல் 2 மணி நேரத்திற்குப் பின், நான்காம் நிலை நடைமுறைக்கு வரும். அப்போது சாலை அடுக்குகளும் வெள்ளநீருக்குத் திறந்துவிடப்படும். நீர் வடிந்து, துப்புரவுப் பணி முடிந்து, சாலை மீண்டும் திறக்கப்பட 4 நாள்கள் வரை ஆகலாம்.

5. பாவனையாக்கம்: காரணத்திலிருந்து காரியத்திற்கு

இத்தகைய சுரங்கம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்த அளவில் எந்த மதகு திறக்கப்பட வேண்டும் என்பனவற்றை உண்மையான வெள்ளத்தை வரவழைத்துச் சோதிக்க இயலாது. ஆகவேதான் பாவனையாக்கம் தேவைப்படுகிறது. இதன் உள்ளீடு மிக எளிய ஓர் உண்மையே. ஒரு தேக்கத்தில் சேரும் நீரின் அளவு, உள்வரும் நீரிலிருந்து வெளியேறும் நீரைக் கழித்தால் கிடைப்பதாகும். ஆற்றைப் பல சிறு துண்டுகளாகவும், காலத்தைப் பல சிறு கணங்களாகவும் பிரித்து, ஒவ்வொரு துண்டிற்கும் ஒவ்வொரு கணத்திலும் இக்கழித்தலைக் கணினி செய்கிறது. நீரோட்டத்தின் வேகத்தையும் உயரத்தையும் இணைக்கும் சமன்பாடுகளைப் பிரெஞ்சு அறிஞர் செயின்ட் வெனான் 1871இலேயே வெளியிட்டார். அவற்றை ஒரு முழு ஆற்றுக்கும் விரைவாகத் தீர்க்கும் ஆற்றலைக் கணினியே நமக்கு அளித்தது.

ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். இக்கணக்கின் நீரோட்ட எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. 30 இலட்சம் கன மீட்டர் கொள்ளளவில், நொடிக்கு 200 கன மீட்டர் நீர் உள்ளே வருகிறது. 50 கன மீட்டர் வெளியேறுகிறது எனக் கொள்வோம். நிகரமாகச் சேர்வது நொடிக்கு 150 கன மீட்டர். கொள்ளளவு நிரம்ப 20,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ 5 மணி 33 நிமிடம் ஆகும். உள்வரும் நீரை நாம் சற்றுக் குறைவாக மதிப்பிட்டுவிட்டோம், உண்மையில் அது 250 கன மீட்டர் எனின், நிரம்புவதற்கு 15,000 நொடிகளே, அதாவது 4 மணி 10 நிமிடமே ஆகும். நீர்வரவில் கால் பங்கு கூடியதால் நமக்கிருந்த காலத்தில் 1 மணி 23 நிமிடம் பறிபோயிற்று. சிறு பிழை எத்துணைக் காலத்தை விழுங்கும் என்பதை அறிவிப்பதே பாவனையாக்கத்தின் முதன்மைப் பயன். 'இதுவே நடக்கும்' என ஒரே விடையைக் கூறுவதைவிட, 'இவ்வெல்லைகளுக்குள் நடக்கலாம்' எனக் கூறும் பாவனையே பொறியியலாளருக்கு மிகுதியும் உதவுகிறது.

இப்பாவனைக்கு உள்ளிடப்படும் காரணங்கள் அனைத்தும் ஒரே தன்மையுடையன அல்ல. கிள்ளான் நகரப் பகுதியில் ஆற்று மட்டத்தைக் கடல் ஓதமும் முடிவு செய்கிறது. ஓதம் திங்கள், ஞாயிறு ஆகியவற்றின் ஈர்ப்பால் எழுவது. ஆதலின் பல ஆண்டுகளுக்கு முன்னரே கணிக்கத்தக்கது. கெல்வின் பிரபு 1872இல் பற்சக்கரங்களாலும் கப்பிகளாலும் ஆன பொறியைக் கொண்டே ஓதத்தைக் கணித்துக் காட்டினார். கணினிக்கு முற்பட்ட பாவனையாக்கம் என அதனைக் கருதலாம். மாறாக, பிற்பகலில் இடியுடன் பெய்யும் வெப்பமண்டல மழை எவ்விடத்தில் எவ்வளவு கொட்டும் என்பதைச் சில மணி நேரங்களுக்கு முன்னர்க்கூடத் துல்லியமாகக் கூறுதல் அரிது. அம்பாங்கில் கொட்டும் மழை கெப்போங்கில் தூறலாகவும் இல்லாதிருப்பதுண்டு.

மேலும், மாதிரி முதுமையடையும். காடாகவோ இரப்பர்த் தோட்டமாகவோ இருந்த நிலம் மழைநீரில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டது. அதே நிலம் தார்ச்சாலையும் அடுக்குமாடியும் ஆனபின், பெய்த மழையின் பெரும்பகுதி விரைந்து ஆற்றை அடைகிறது. ஆகவே நேற்றைய நிலத்தின் அளவீடுகளைக் கொண்டு செப்பம் செய்யப்பட்ட மாதிரி, இன்றைய நிலத்தைப் பற்றிப் பேசும்போது தவறக்கூடும். மாதிரியை அவ்வப்போது புதிய அளவீடுகளோடு ஒப்பிட்டுத் திருத்துவது இன்றியமையாத பணியாகும்.

6. குறிகை வகைப்பாடு: காரியத்திலிருந்து காரணத்திற்கு

மழைமானியும் நீர்மட்டமானியும் அனுப்பும் குறிகை தூய்மையானதன்று. மட்டமானியின் கீழே மிதந்துவரும் மரக்கிளை, நீர்மட்டம் திடீரென உயர்ந்ததுபோல் காட்டக்கூடும். மழைமானியின் புனலில் இலை அடைத்துக்கொண்டால் பெருமழையும் மழையின்மையாகத் தோன்றும். மின்னலால் தொடர்பு அறுபடலாம். இவ்வாறு உண்மையோடு கலந்துவரும் வேண்டாத மாற்றங்களை 'இரைச்சல்' என்பர்.

இரைச்சலை நீக்க ஓர் எளிய வழி சராசரி எடுப்பது. கடந்த ஒரு மணி நேர அளவீடுகளின் சராசரியைக் கண்டால், ஒருமுறை தோன்றிய மரக்கிளையின் விளைவு கரைந்துவிடும். ஆனால் இதற்கு விலை உண்டு. நீர்மட்டம் சீராக உயர்ந்துகொண்டிருக்கையில், ஒரு மணி நேரச் சராசரி உண்மை நிலையைவிட ஏறத்தாழ அரை மணி நேரம் பின்தங்கியே இருக்கும். தெளிவை விரும்பினால் காலத்தை இழக்கிறோம். விரைவை விரும்பினால் தெளிவை இழக்கிறோம். இவ்விரண்டும் ஒருங்கே முழுமையாகக் கிட்டுவதில்லை. அதனால்தான் ஒரு மானியை மட்டும் நம்பாமல் பல இடங்களில் உள்ள மானிகள் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றனவா எனப் பார்க்கப்படுகிறது. மேலே மழை பதிவாகாமல் கீழே மட்டம் மட்டும் ஒரே நொடியில் உயர்ந்தால், அது வெள்ளமாக இருப்பதைவிடக் கருவிக் கோளாறாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. மணிமேகலை கூறும் முதலும் எச்சமும் ஒன்றையொன்று சரிபார்க்கும் இடம் இதுவே.

வகைப்பாட்டில் இரு பிழைகள் நேரலாம். வெள்ளம் வராதபோது வருமெனக் கூறுவது பொய்யெச்சரிக்கை. இது தேராது தெளிதலை ஒத்தது. வெள்ளம் வரும்போது வராதெனக் கருதுவது தவறவிடுதல். இது கண்டுணராமையை ஒத்தது. வரம்பைத் தாழ்த்தினால் தவறவிடுதல் குறையும், பொய்யெச்சரிக்கை பெருகும். வரம்பை உயர்த்தினால் இதன் மறுதலை நிகழும். இரண்டையும் ஒருங்கே குறைக்க வேண்டுமெனின் மேலும் சிறந்த தகவல் வேண்டும்; வரம்பை நகர்த்துவதால் மட்டும் அது கைகூடாது.

இங்குப் பலரும் எதிர்பாராத ஓர் உண்மையைக் காணலாம். ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். 1,000 கனமழைகளில் 20 மட்டுமே உண்மையான பெருவெள்ளத்தை விளைவிக்கின்றன என்க. நம் வகைப்பாட்டு முறை வெள்ள மழையை 100க்கு 95 முறை சரியாக இனங்காண்கிறது. வெள்ளமில்லா மழையையும் 100க்கு 95 முறை சரியாக இனங்காண்கிறது. அவ்வாறாயின் 20 வெள்ளங்களுள் 19ஐ அது கண்டறியும், ஒன்றைத் தவறவிடும். எஞ்சிய 980 மழைகளுள் 5 விழுக்காடான 49ஐ வெள்ளமெனத் தவறாக அறிவிக்கும். ஆக மொத்த எச்சரிக்கைகள் 68. அவற்றுள் மெய்யானவை 19 மட்டுமே, அதாவது ஏறத்தாழ 28 விழுக்காடு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாகச் சொல்லும் முறையின் எச்சரிக்கைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பொய்யாகின்றன. முறை பழுதானது என்பது இதன் பொருளன்று. அரிய நிகழ்ச்சியைத் தேடும் எந்த முறைக்கும் நேரும் இயல்பான விளைவே இது.

7. கட்டுப்பாடு: மூன்றாம் நிலையின் பொருள்

ஏரிப் பாசன மரபில் வளர்ந்த தமிழுக்குக் கட்டுப்பாட்டின் இருவகை உறுப்புகளும் நன்கு அறிமுகமானவை. ஏரி நிறைந்ததும் மிகைநீர் தானே வழிந்தோடுமாறு கட்டப்பட்டது கலிங்கு. அதன் உயரமே வரம்பு; அதற்குக் குறிகையும் தேவையில்லை, காவலும் தேவையில்லை. மதகு அத்தகையதன்று. அதனை எப்போது, எவ்வளவு திறப்பது என ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். முடிவு உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு.

விளைவைக் கண்டு செயலைத் திருத்துவது பின்னூட்டக் கட்டுப்பாடு. சேம்ஸ் வாட் 1788இல் நீராவி எந்திரத்தில் பொருத்திய வேகச் சீராக்கி இதன் புகழ்பெற்ற சான்று. அதன் கணிதத்தை மாக்சுவெல் 1868இல் ஆராய்ந்தார். வெள்ளத்தைப் பொறுத்தவரை பின்னூட்டம் மட்டும் போதாது. மஸ்ஜித் ஜாமெக்கில் நீர் கரையைத் தாண்டிய பின்னர் மதகைத் திறப்பதால் பயனில்லை. மேற்புற மழையையும் நீரோட்டத்தையும் கண்டு முன்னரே செயற்பட வேண்டும். இதனை முன்னூட்டக் கட்டுப்பாடு எனலாம். முன்னூட்டம் கணிப்பையே நம்பியிருப்பதால் கணிப்பின் பிழை அப்படியே செயலின் பிழையாகிறது.

இப்பின்னணியில் ஸ்மார்ட் சுரங்கத்தின் மூன்றாம் நிலையை நோக்கினால் அதன் நுட்பம் புலப்படும். நீர் வருகிறது அல்லது வரவில்லை என்னும் இரண்டே வகைகள் இருந்திருப்பின், ஒவ்வொரு பொய்யெச்சரிக்கைக்கும் சாலைக்குள் நீர் புகுந்து நான்கு நாள் போக்குவரத்து நின்றிருக்கும். அதற்கு அஞ்சி வரம்பை உயர்த்தினால் உண்மை வெள்ளம் ஒன்று தவறவிடப்பட்டிருக்கும். அதனினும் கொடிது, வாகனங்கள் உள்ளே இருக்கையில் நீரைத் திறந்துவிட நேர்வது. மூன்றாம் நிலையோ, 'இன்னும் உறுதியில்லை' என்பதையே ஒரு முறையான வகையாக ஏற்றுக்கொள்கிறது. மக்கள் வெளியேற்றப்படுகின்றனர், நீர் இன்னும் விடப்படவில்லை. திரும்பப் பெறக்கூடிய செயல் முதலில் செய்யப்படுகிறது. எளிதில் திரும்பப் பெறவியலாத செயல், கூடுதல் தகவல் கிடைக்கும்வரை ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் ஒத்திவைக்கப்படுகிறது. அவ்வேளையில் மழை ஓய்ந்தால் இழப்பு சில மணி நேரப் போக்குவரத்து மட்டுமே. மழை நீடித்தால் சாலை ஏற்கெனவே காலியாக உள்ளது. ஐயத்தைப் பிழையென ஒதுக்காமல் அதற்கோர் இருக்கை இட்டு அமர்த்தியதே இவ்வமைப்பின் அறிவுடைமை எனலாம்.

8. வரம்பை இடுவது யார்?

எந்த அளவில் சாலையை மூடுவது என்பதைக் கணிதம் தானாகக் கூறுவதில்லை. பொய்யெச்சரிக்கையால் நேரும் இழப்பையும் தவறவிடுதலால் நேரும் இழப்பையும் நிறுத்துப் பார்த்தே வரம்பு இடப்படுகிறது. அந்நிறுவையில் எடைக்கற்களாக அமைபவை மனித மதிப்பீடுகள். ஓட்டுநரின் ஒரு மணி நேரமும் ஒரு கடைக்காரரின் சரக்கும் ஓர் உயிரும் ஒரே தட்டில் வைக்கத்தக்கனவா என்பது பொறியியல் வினா மட்டும் அன்று. அற வினாவும் ஆகும்.

இதன் கடுமையைத் தமிழகம் 2015 திசம்பரில் உணர்ந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டபோது சென்னையின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. ஏரியில் நீரை முன்னரே குறைத்திருக்க வேண்டுமா, குடிநீருக்காகத் தேக்கி வைத்தது சரியா என்னும் வாதங்கள் எழுந்தன. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை அதனை மனிதரால் விளைந்த பேரிடர் எனக் குறிப்பிட்டது. மழை வராவிடில் முன்கூட்டித் திறப்பது குடிநீர் இழப்பு; வந்துவிடின் திறக்காமை உயிரிழப்பு. இருபிழைச் சிக்கலின் தெளிவான வடிவம் இது.

முறைமையின் எல்லையை எங்கே வரைவது என்பதும் இத்தகைய வினாவே. ஸ்மார்ட் சுரங்கம் காக்குமாறு வகுக்கப்பட்டது கோலாலம்பூரின் நகர மையத்தை. 2021 திசம்பர் 18ஆம் நாளையொட்டிக் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த பெருமழையில் ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா முதலிய ஆற்றோரத் தாழ்நிலங்கள் மூழ்கின. நம்மவர் பலரும் வாழும் அக்குடியிருப்பில் மக்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் மீட்புப் படகுகளுக்குக் காத்திருந்தனர். அவ்வெள்ளங்களில் நாடளாவிய நிலையில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மேற்புறத்தில் அமைந்த சுரங்கம் கீழ்ப்புறத்துக் குடியிருப்புகளைக் காக்கவென அமைக்கப்பட்டதன்று. ஒரு முறைமை தனக்கு வகுக்கப்பட்ட எல்லைக்குள் செம்மையாக இயங்கும்போதே எல்லைக்கு வெளியே உள்ளோர் துன்புறக்கூடும். ஆகவே ஒரு முறைமையின் திறனை மதிப்பிடுவோர், 'அது நன்கு இயங்குகிறதா?' என்பதோடு, 'யாருக்காக இயங்குகிறது?' என்றும் கேட்டல் வேண்டும்.

9. வகுப்பறைக்கு

மலேசிய வடிகால் நீர்ப்பாசனத் துறை, நாடெங்கும் உள்ள ஆற்று மட்டங்களை மக்கள் பார்வைக்கு இணையத்தில் வெளியிட்டு வருகிறது. அதில் ஒவ்வொரு நிலையமும் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு வகைகளுள் ஒன்றாகக் காட்டப்படுகிறது. இதுவும் ஒரு குறிகை வகைப்பாடே. ஒரு வார அளவீடுகளை மாணவர்கள் வரைபடமாக வரைந்து, மழைக்கும் மட்ட உயர்வுக்கும் இடைப்பட்ட காலத்தை அளக்கலாம். தாங்களே ஒரு வரம்பை இட்டு, எத்தனை பொய்யெச்சரிக்கைகள் நேர்கின்றன, எத்தனை தவறவிடப்படுகின்றன என எண்ணலாம். அறிவியல், கணிதம், தமிழ் ஆகிய மூன்று பாடங்களும் சந்திக்கும் பயிற்சியாக இது அமையும்.

இதில் தமிழாசிரியருக்கு உரிய பணி, கலைச்சொல்லை மனனம் செய்விப்பதோடு முடிவதன்று. 'வரலாம்', 'வரக்கூடும்', 'வரும்', 'வந்தே தீரும்' என உறுதியின் படிகளைத் தமிழ் நுட்பமாக வேறுபடுத்துகிறது. வெள்ள எச்சரிக்கை ஒன்றை எழுதும்போது இவற்றுள் எதனைப் பயன்படுத்துகிறோம் என்பது வாசிப்பவர் வீட்டைவிட்டு வெளியேறுவாரா, மாட்டாரா என்பதை முடிவு செய்யக்கூடியது. எச்சரிக்கை பொய்த்தபோது, 'ஏமாற்றிவிட்டார்கள்' எனக் கருதாமல், பொய்யெச்சரிக்கை ஏன் தவிர்க்கவியலாதது என்பதை அறிந்தவர் அடுத்த எச்சரிக்கையையும் மதிப்பார். கற்பனைக் கணக்கில் கண்ட அந்த 49 பொய்களுக்குப் பின்னும் 19 மெய்களை நம்பும் மக்களை உருவாக்குவது கல்வியின் பணியாகும்.

10. முடிவுரை

பாவனையாக்கம் காரணத்திலிருந்து காரியத்தைக் கணிக்கிறது. குறிகை வகைப்பாடு காரியத்திலிருந்து காரணத்தை உய்த்துணர்கிறது. கட்டுப்பாடு இவ்விரண்டையும் நம்பிச் செயற்படுகிறது. மூன்றும் பிழைக்கு இடம் தருவன. கணினியின் வேகம் பிழையைக் குறைக்கும், அடியோடு ஒழிக்காது. எனவே முறைமையின் சிறப்பு, ஐயமான வேளையில் திரும்பப் பெறத்தக்க செயலை முதலில் செய்து, பெறவியலாத செயலுக்கு முன் ஒரு பொழுது நின்று நோக்கும் ஒழுங்கில் உள்ளது. ஸ்மார்ட் சுரங்கப்பாதையின் மூன்றாம் நிலை அவ்வொழுங்கிற்கு நம் கண்முன் உள்ள சான்று. வரம்பை இடும் பொறுப்பும் முறைமையின் எல்லையை வரையும் பொறுப்பும் மனிதருடையவையாதலின், அவற்றை வினவும் தகுதி பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் தாமான் ஸ்ரீ மூடாவிலும் வாழும் ஒவ்வொருவருக்கும் உண்டு. அவ்வினாவை அவர்கள் தம் மொழியிலேயே எழுப்ப வேண்டுமாயின், அதற்கான சொற்களும் கருத்துகளும் தமிழ் வகுப்பறைகளில் முன்னரே பழக்கப்பட்டிருத்தல் வேண்டும்.